அட்டையில் ஒரு சிலுவை

கிருஷ்ணம்மா மேஜை மேல் வைத்த மாத்திரை அட்டையைப் பார்த்ததும் பென்னி வாயில் இருந்த வேர்க்கடலையை மெல்வதை நிறுத்தினான்.

அதற்கு ஒரு நிமிஷம் முன்புவரை அவன் நன்றாகத்தான் இருந்தான். சித்தூர் சர்ச் தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் அலுவலகம். "அக்கா, நம்ம போர்டுல ரகசியம் காக்கப்படும்னு எழுதியிருக்கோம், கீழ ஜெராக்ஸ் கடை. ஒண்ணுக்கு ரெண்டா காக்கப்படும்" என்று சொல்லி, தாட்சாயணியைச் சிரிக்க வைத்திருந்தான்.

தாட்சாயணி சுலபத்தில் சிரிக்கிறவள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் தபால் ஆபீசில் விலாசம் கிழிந்த கடிதங்களுக்கு ஆள் தேடிக் கொடுத்தவள். அந்தத் தொழிலைத்தான் இப்போதும் செய்கிறேன், கடிதம் மட்டும் இல்லை என்பாள். பென்னி அவளுடைய உதவியாளன். வயது முப்பத்தொன்று. கார் ஓட்டுவான், காப்பி வாங்கி வருவான், வந்தவர்கள் அழுதால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பான்.

கிருஷ்ணம்மா அழுதுகொண்டிருந்தாள். அவன் எதுவும் சொல்லவில்லை.

"பேப்பர்ல வந்துச்சே, வியாழக்கிழமை நகரி ரோட்டுல ஸ்கூல் வேன் புளியமரத்துல மோதிச்சின்னு. அந்த டிரைவர் ஆதிநாராயணன் எங்க வூட்டுக்காரருதான். ஏழு பசங்க இருந்தாங்க. ரூபான்னு ஒரு பொண்ணு, ஒம்பது வயசு, அதுக்குத் தொடை எலும்பு ரெண்டா போச்சு."

"குடிச்சிருந்தார்னு எழுதியிருந்தாங்க" என்றாள் தாட்சாயணி.

"ரத்தம் எடுத்துப் பார்த்து அது இல்லன்னுட்டாங்க. இப்ப போதை மாத்திரை துன்னுட்டு ஓட்டினாருன்றாங்க. வூட்டு ஓட்டு மேல கல்லு வுடறாங்கக்கா. அவரு திருப்பதி ஆசுபத்திரில படுத்துக்கினு வாயே தொறக்கமாட்றாரு. நேத்து மத்தியானம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சி. தலையில பட்ட அடின்றாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இந்த அட்டை அன்னிக்கி அவரு காக்கிச் சட்டைப் பையில இருந்துச்சி. போலீசுக்குக் காட்டாம ஒளிச்சி வெச்சேன். இது இன்னா மாத்திரைன்னு எனக்குத் தெரியணும். போதைதான்னா நானே ஸ்டேஷன்ல குடுத்துடறேன். எனக்கு அவ்வளவு வெக்கமா கீது."

பத்து மாத்திரை அட்டை. நான்கு காலி. தாட்சாயணி அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். பின்பக்க வெள்ளித்தாளில், ஒவ்வொரு மாத்திரைக்கும் மேலே நீல மார்க்கரில் ஒரு குறி.

"வி, வெ, ச" என்று படித்தாள். "கிழமைங்க. நாள் தவறாமப் போடறதுக்கு எழுதி வெச்சிருக்காங்க. உங்க வீட்டுக்காரர் எழுதினதா?"

"அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாதுக்கா. வூட்ல பேசறதுதான் தமிழ். படிச்சது தெலுங்கு மீடியம்."

"அப்ப அட்டை வேற ஒருத்தரோடது." தாட்சாயணி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். "ஆறு நாளைக்கு எழுத்து. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் 'ஞா' இல்ல, சின்னதா ஒரு சிலுவை. ஞாயிறுன்னா சர்ச்சுன்னு மனசுல பதிஞ்ச ஆள். இன்னொண்ணு, எழுத்தெல்லாம் வலப்பக்கமா இழுபட்டிருக்கு பாருங்க. வெள்ளித்தாள்ல மை சீக்கிரம் காயாது. எழுதற கையே எழுத்து மேல உரசிக்கினு போயிருக்கு. இடது கைக்காரங்களுக்குத்தான் அப்படி ஆகும்."

பென்னி இடது கையில் இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை மெதுவாக மேஜைக்கு அடியில் இறக்கினான்.

அது அவன் எழுதியது. வாங்கின அன்றே எல்லா அட்டையிலும் உட்கார்ந்து எழுதியது.

"ஓரத்துல மருந்துக் கடைச் சீட்டு பாதி ஒட்டிக்கினு இருக்கு. திருப்பதிக் கடை" என்றாள் தாட்சாயணி. "கிளம்பு பென்னி."

"மாத்திரை பேரைப் போன்ல போட்டாத் தெரிஞ்சிடும்கா. அதுக்கு எதுக்குத் திருப்பதி?" அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

"மாத்திரை யாருதுன்னு போன் சொல்லாதே" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

கிருஷ்ணம்மா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். கார் சந்திரகிரியைத் தாண்டியது.

பதினோரு வருஷமாகப் புகைத்தவன் அவன். தானாக விட முயன்று நான்கு தடவை தோற்றான். கடைசியில் திருப்பதியில் வெங்கடலட்சுமி என்ற டாக்டரம்மாவிடம், தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து போனான். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை வேலை செய்தது. மூன்றாவது வாரம் சிகரெட் கசந்தது. நான்காவது வாரம் தூக்கம் கெட்டு, கன்னாபின்னாவென்று கனவுகள் வந்தன. டாக்டரிடம் சொல்லாமல் நிறுத்திவிட்டான். ஆனாலும் சிகரெட் ஆசை திரும்பி வரவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், சபைக்கு முன்னால் சாட்சி சொல்ல எழுந்து நின்றான். "பதினோரு வருஷப் பழக்கத்தைக் கர்த்தர் ஒரே ராத்திரியில எடுத்துப் போட்டார்" என்றான். மாத்திரை என்ற வார்த்தையை உச்சரிக்கவில்லை. முன்வரிசையில் அம்மா தபீதாள் கண்ணீர் விட்டாள். போதகர் இயேசுதாசன் அவனைக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரைகள் அவனை உறுத்தின. அம்மா கண்ணில் பட்டால் சாட்சி பொய்யாகிவிடும். புத்தூரில் டயர் கடை வைத்திருக்கும் பவன்குமார், அவனோடு சேர்ந்து புகைத்தவன், கேட்டபோது அப்படியே தூக்கிக் கொடுத்தான்.

இரண்டு அட்டை கொடுத்தான்.

மருந்துக் கடை முன்னால் கார் நின்றபோது பென்னி இறங்கவில்லை. "பார்க்கிங் இல்லக்கா. போலீஸ் வந்தா எடுக்கணும்" என்றான். தாட்சாயணி அவனை ஒரு விநாடி பார்த்துவிட்டுத் தனியாகப் போனாள். கடைக்காரர் ஹேமநாத் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்ப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் நிமிர்ந்து தெருவைப் பார்த்தபோது பென்னி ரேடியோவைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டான். அந்தக் காரின் ரேடியோ கெட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

தாட்சாயணி திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"போதை மாத்திரை இல்ல, கிருஷ்ணம்மா. சிகரெட்டை விடறதுக்குக் குடுக்கற மாத்திரை. டாக்டர் எழுதினாத்தான் தருவாங்க."

கிருஷ்ணம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "சிகரெட்ட வுடறதுக்கா? அந்த மனுசன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"நிறையப் பேருக்கு இது நல்லா உதவுதாம். ஆனா வலிப்பு வந்தவங்களுக்குக் குடுக்கவே கூடாதுன்றார். திரும்ப வர வெச்சிடுமாம். அவருக்கு எப்பவாச்சும் வலிப்பு வந்திருக்கா?"

"கல்யாணம் ஆகி பதினெட்டு வருசம், நான் பார்த்ததில்ல."

தாட்சாயணி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "ஒண்ணு இடிக்குது. வேன் மோதினது வியாழக்கிழமை. அன்னியிலேர்ந்து அட்டை உங்ககிட்ட இருக்கு. இன்னிக்கி திங்கள். மாத்திரை நின்னு நாலு நாள் ஆச்சு. மாத்திரைதான் காரணம்னா நேத்து ஏன் வலிப்பு வரணும்? டாக்டருங்க சொல்ற மாதிரி தலையில பட்ட அடியாத்தான் இருக்கணும். அப்ப அட்டை யாருதுன்னு தேடறதுல அர்த்தம் இல்ல." பெருமூச்சு விட்டாள். "திரும்பிடலாம் பென்னி. வண்டியை எடு."

பென்னி சாவியைத் திருகினான். இன்ஜின் உறுமியது.

அவ்வளவுதான். முதல் கியர் போட்டால் போதும். சித்தூர் போய்விடலாம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகலாம், முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருப்பாள். கண்ணாடியில் கிருஷ்ணம்மாவின் முகம் தெரிந்தது. அவள் ஆஸ்பத்திரிக்காக வாழைப்பழமும் பிளாஸ்க்கும் மடியில் வைத்திருந்தாள். அந்த மனிதர் படுத்திருக்கும் கட்டிலில், யாருக்கும் தெரியாமல், இன்னொரு அட்டை இருக்கிறது. பென்னிக்கு அது கண்ணால் பார்த்த மாதிரி நிச்சயமாகத் தெரிந்தது.

இன்ஜினை அணைத்தான்.

"ரெண்டு அட்டைக்கா" என்றான்.

"என்ன?"

"பவன்குமாருக்கு நான் குடுத்தது ரெண்டு அட்டை. இவங்க பார்த்தது ஒண்ணு. இன்னொண்ணு அவர்கிட்டதான் இருக்கும். இன்னும் போட்டுக்கினு இருக்காரு." அவளைப் பார்க்க முடியாமல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துப் பேசினான். "அந்தச் சிலுவை நான் போட்டது. கர்த்தர் எடுத்துப் போடலக்கா, மாத்திரைதான் எடுத்துச்சி. சபைல பொய் சொன்னேன்."

தாட்சாயணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"உன் கையெழுத்துன்னு சித்தூர்லயே தெரியும்" என்றாள். "எட்டு வருஷமா உன் பெட்ரோல் சீட்டைப் படிக்கிறேன். நீயா வாயைத் திறக்கணும்னுதான் ஒவ்வொண்ணா சத்தம் போட்டுச் சொன்னேன். ரெண்டுன்றது எனக்குத் தெரியாது. வண்டியை ஆஸ்பத்திரிக்கு விடு."

பின் சீட்டில் கிருஷ்ணம்மா பிளாஸ்க்கை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

ஆதிநாராயணன் ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். நெற்றியில் கட்டு, விலாவைச் சுற்றிப் பட்டை. கிருஷ்ணம்மா எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய்த் தலையணையை உருவி, உறைக்குள் கையை விட்டாள். அட்டை வந்தது. அதிலும் நீல எழுத்து, அதிலும் சிலுவை. ஐந்து காலி.

"காலைல போட்டீங்களா?" என்று தாட்சாயணி கேட்டாள்.

அவர் தலையசைத்தார். தாட்சாயணி அட்டையை வாங்கிக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினாள். ஐம்பத்து மூன்று வயதில் அவள் ஓடி பென்னி பார்த்ததில்லை.

"இன்னாத்துக்கு மறைச்ச?" என்றாள் கிருஷ்ணம்மா.

ஆதிநாராயணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் பார்த்துத்தான் பேசினார். "வேன்ல ஏறும்போது அந்த ரூபாக் கொயந்த மூக்க மூடிக்கும். 'மாமா, உன் மேல நாத்தம் அடிக்குது'ன்னுச்சி ஒருநாளு. எல்லாப் பசங்களும் சிரிச்சிதுங்க. இருபத்தாறு வருசமா புடிச்சிக்கினு இருக்கேன், யாரும் அப்படிச் சொன்னதில்ல. எனக்கு மானம் போச்சு. வுட்டுடணும்னு டயர் கடை பவன்கிட்ட மாத்திரை வாங்கினேன். பத்து நாள்ல சுத்தமா வுட்டுட்டேன். இப்ப அந்தப் புள்ளையே கால் ஒடிஞ்சி கீழ் வார்டுல கெடக்குது. நிறுத்தினா மறுபடி புடிச்சிடுவேன்னு பயந்து, பேன்ட்டுப் பையில இருந்த இன்னொரு அட்டைய இங்கயும் திருட்டுத்தனமா போட்டுக்கினு இருந்தேன்."

"உங்களுக்கு வலிப்பு வந்திருக்காய்யா?" பென்னி கேட்டான். கேட்க வேண்டியது தாட்சாயணி. அவள் இன்னும் வரவில்லை.

அவர் போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பதினாறு வயசுல ரெண்டு தபா" என்றார். "எங்கம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சொன்னா பொண்ணு குடுக்கமாட்டாங்க, லைசென்சு குடுக்கமாட்டாங்க. அதுக்கப்புறம் வரவே இல்லியே, போயிடுச்சின்னு இருந்துட்டேன். ஆனா மாத்திரையக் கேக்காம போடல தம்பி. பவன்கிட்ட விசயத்தச் சொன்னேன். நமக்கு இன்னா தெரியும், குடுத்தவனையே கேப்போம்னு சொல்லி, கடைலயே போன் போட்டான். ஸ்பீக்கர்ல. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

பென்னி கட்டிலை விட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"குடுத்தவர் இன்னா சொன்னாரு?" என்று கிருஷ்ணம்மா கேட்டாள்.

"சிரிச்சாரு. 'சிகரெட்டோட சேத்து வலிப்பையும் வுட்டுடுவாரு, தைரியமா போடச் சொல்லு'ன்னாரு. டாக்டர்கிட்ட வைத்தியம் பார்த்த ஆளு சொல்றாரு, சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்."

பத்து நாளைக்கு முன்னால், ஒரு மத்தியானம். பென்னி பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நின்றிருந்தான். பவன் யாரையோ பற்றி என்னவோ கேட்டான். முன்னால் இருந்த வண்டி நகர்ந்துவிட்டது, பின்னால் ஹாரன். வாயில் வந்ததைச் சொன்னான், பவன் சிரித்தான், போனை வைத்தாகிவிட்டது. பத்து விநாடி. இன்றைக்கு வரை அது அவன் நினைவிலேயே இல்லை. அந்தக் கேள்வியை டாக்டர் வெங்கடலட்சுமி அவனிடம் கேட்டிருந்தார். வலிப்பு உண்டா, தலையில் அடிபட்டதா, குடிப்பழக்கம் உண்டா, மனசுக்கு மருந்து சாப்பிட்டதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை எழுதிக்கொண்ட பிறகுதான் மருந்துச் சீட்டை எடுத்தார். அப்போதும் அவன் ஏதோ ஜோக் அடித்தான். அவர் பேனாவை நிறுத்திக் காத்திருந்தார்.

"அந்தப் போன்ல பேசினது நான்தான்" என்றான்.

ஆதிநாராயணன் திரும்பி அவனைப் பார்த்தார். கோபம் இல்லை. புரிந்துகொள்ள முயல்கிற பார்வை. அதைத் தாங்க முடியவில்லை.

கிருஷ்ணம்மாதான் பேசினாள். "காலைல ஆபீசுல அட்டையப் பார்த்தப்பவே உன்னுதுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"நான் அழுதுக்கினு இருந்தேனே, அப்ப?"

"தெரியும்."

பேச்சுக்கிடையில் பென்னிக்கென்று பிளாஸ்க் மூடியில் ஊற்றி வைத்திருந்த காப்பியை எடுத்து, மறுபடி பிளாஸ்க்கிலேயே ஊற்றி, திருகி மூடினாள்.

டாக்டர் வந்தார், சின்ன வயதுப் பெண். இரண்டு அட்டைகளையும் பார்த்தார், ஆதிநாராயணனிடம் நான்கு கேள்வி கேட்டார், கேஸ் தாளில் வேகமாக எழுதினார். மாத்திரை நின்றது. வலிப்புக்கான மருந்து ஊசியில் ஏறியது. "வியாழக்கிழமை வேன்ல வந்ததும் வலிப்பாத்தான் இருக்கும். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது" என்றார் தாட்சாயணியிடம். "மருந்து கெட்டதுன்னு வெளிய போய்ச் சொல்லிடாதீங்கம்மா. இதனால சிகரெட்டை விட்டவங்க எத்தனையோ பேர். தப்பு என்னன்னா, கேள்வி கேக்கறதுக்கு டாக்டர் இல்லாம இது கை மாறிடுச்சு. இவர் புகையை விடறதுக்கு வேற வழி இருக்கு, நாங்க பார்த்துக்கறோம். வண்டி மட்டும் இனிமே ஓட்டக் கூடாது."

ஆதிநாராயணன் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வருஷமாக அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அது.

வராந்தாவில் பென்னி போன் விஷயத்தையும் சொல்லி முடித்ததும் தாட்சாயணி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "நகரி ஸ்டேஷன்ல அவர் மேல போதைன்னு எழுதறதுக்குள்ள அட்டையைக் குடுத்துடணும். மருந்துக் கடை பில், டாக்டரம்மா சீட்டு, அது போதும். போன் விஷயத்துக்கு ஆதாரம் இல்ல. அவங்க ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல அதைச் சொல்லப் போறதும் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "சொல்லித்தான் ஆகணும்னு நான் சொல்லமாட்டேன்."

முதல் தடவையாக அவள் தப்பான வழியைக் காட்டுகிறாள் என்று பென்னிக்குத் தோன்றியது. அவன்மேல் உள்ள பிரியத்தால் காட்டுகிறாள். அதுவும் சேர்ந்து அவனுக்குக் கூசியது.

"அட்டையைக் குடுங்கக்கா. நான் போய்ட்டு வரேன்."

போகும் வழியில் அம்மாவுக்குப் போன் செய்தான். சபையில் சொன்ன சாட்சி பொய் என்றான், மாத்திரை என்றான், வேன் என்றான். தபீதாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "எத்தனை கொயந்தைங்க?" என்று மட்டும் கேட்டாள். ஏழு என்றான். போனை வைத்துவிட்டாள்.

ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள் தெலுங்கில் எழுதினார். அட்டை, கடை, பவன்குமார் என்று வரிசையாக வந்தது. போன் பேச்சு வந்ததும் பேனாவைத் தூக்கினார். "என்ன சொன்னியோ அதே வார்த்தையில சொல்லு. அப்படியே எழுதணும்."

பென்னி சொன்னான். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னான். அவர் தெலுங்கில் எப்படிப் போடுவது என்று யோசித்து, மெதுவாக இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை பென்னி ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னான்.

எழுதி முடித்து, அவர் ஆபீஸ் தெலுங்கில் நிதானமாக வாசித்துக் காட்டினார். மேற்படி மாத்திரையை உட்கொண்டால் சிகரெட் பழக்கத்துடன் வலிப்பு நோயும் நின்றுவிடும் என்றும், மேற்படி நபர் தைரியமாக உட்கொள்ளலாம் என்றும் நான் கூறினேன். அப்படி வாசிக்கும்போது அதில் ஜோக் எதுவும் இல்லை. கேட்டவர்கள் நம்பியதில் ஆச்சரியமும் இல்லை.

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சரியாத்தான் இருக்கு சார்" என்று சொல்லி, பென்னி கையெழுத்துப் போட்டான்.